மேலிருந்து பார்த்தால் நிலம் பேசும்

(தொடர்கல்வி மையத்தின் மாலைக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இங்கே தென்னை ஏறுகிறவர்கள் இருக்கலாம். அவர்களிடம் ஒரு கேள்வி. மரத்தின் உச்சியில் இருந்து பார்த்தால் என்ன தெரியும்?

பக்கத்துத் தோப்பு தெரியும். ஏரிக்கரை தெரியும். வாய்க்கால் எங்கே வளைந்து போகிறது என்று தெரியும். யார் வீட்டுக் கூரை பிய்ந்திருக்கிறது என்பதும் தெரியும். கீழே நின்றால் இது எதுவும் தெரியாது. எதிரே இருக்கிற வேலி மட்டுமே தெரியும்.

உயரம் போனால் பார்வை விரியும். இது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. இந்த உண்மையை வைத்து மனிதன் ஒரு பெரிய கலையைக் கண்டுபிடித்தான். அதுதான் ஆகாயத்தில் பறந்துகொண்டே நிலத்தைப் படம் பிடிக்கும் கலை. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

"விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கடைசியில் அது உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கோபுரத்தில் ஏறிய கருவி

விமானம் வருவதற்கு முன் நிலத்தை எப்படி அளந்தார்கள்? காலால் நடந்து அளந்தார்கள். சங்கிலியால் அளந்தார்கள்.

இந்திய நில அளவைத் துறை 1767-ஆம் ஆண்டு தொடங்கியது. நாடு முழுவதையும் துல்லியமாக அளக்கும் பெரிய வேலை ஒன்று 1802-ஆம் ஆண்டு தொடங்கியது. அது சென்னையில், பரங்கிமலைக்குப் பக்கத்தில் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அதை நடத்தினார். முதலில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். பிறகு குன்றுகளில் ஏறி, தூரத்தில் தெரியும் இடங்களைக் கருவியால் குறி பார்த்தார்கள்.

குன்று இல்லாத ஊரில் என்ன செய்வது? கோயில் கோபுரத்தில் ஏறினார்கள்.

1808-ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் அப்படித்தான் நடந்தது. அளக்கும் கருவி ஏறக்குறைய அரை டன் எடை. அதைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். பாதி வழியில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் மனம் தளரவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, பல வாரங்கள் பாடுபட்டு, அதைத் தன் கையாலேயே சரி செய்தார்.

பாருங்கள், நிலத்தை அளக்க உயரம் வேண்டும். உயரம் தேடி மனிதன் பட்ட பாடு இது.

பலூன், பட்டம், புறா

ஒளிப்படம் எடுக்கும் கேமரா வந்தது. உடனே மனிதனுக்கு ஓர் ஆசை வந்தது. "கேமராவோடு மேலே போனால் என்ன?"

1858-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஒருவர் அப்படிப் போனார். நதார் என்ற பெயரால் அறியப்பட்ட ஒளிப்படக் கலைஞர் அவர். பெரிய பலூனில் தொங்கும் கூடையில் ஏறினார். முதலில் படம் விழவே இல்லை. கண்ணாடித் தகடு கறுத்துப் போயிற்று. காரணம் என்ன? பலூனில் இருந்து கசிந்த வாயு, தகட்டில் பூசிய மருந்தைக் கெடுத்துவிட்டது. வாயு கசியாமல் அடைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார். பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய ஊரின் வீடுகள் மங்கலாகத் தெரிந்தன. ஆகாயத்தில் இருந்து எடுத்த முதல் படம் அதுதான் என்று சொல்கிறார்கள்.

அடுத்தது பட்டம். ஆம், பிள்ளைகள் விடுகிற பட்டம்தான். 1906-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம் பூகம்பத்தில் இடிந்தது. தீப்பிடித்தும் எரிந்தது. சில வாரங்கள் கழித்து ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் 17 பட்டங்களை ஒரே கம்பியில் கட்டிப் பறக்கவிட்டார். அவை 20 கிலோவுக்கும் அதிக எடையுள்ள கேமராவைத் தூக்கிக்கொண்டு மேலே போயின. கீழே நின்றபடியே மின்சாரத்தால் கேமராவை இயக்கினார். பாழான நகரம் முழுவதும் ஒரே படத்தில் விழுந்தது.

ஜெர்மனியில் யூலியஸ் நொய்பிரானர் என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் வளர்த்த புறாக்கள் மருந்தும் சீட்டும் சுமந்து போகும். அந்தப் புறாக்களின் மார்பில் சின்னஞ்சிறு கேமராவைக் கட்டினார். 1908-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். புறா பறக்கும்போது கேமரா தானாகவே படம் எடுக்கும். சில படங்களில் புறாவின் இறக்கை நுனியும் சேர்ந்து விழுந்திருக்கும்!

பலூன் காற்று போன பக்கம் போகும். பட்டம் கயிறு உள்ள மட்டும்தான் போகும். புறா தன் கூட்டுக்குத்தான் போகும். மனிதன் நினைத்த இடத்துக்குப் போக ஒரு வாகனம் வேண்டும்.

அந்த வாகனம் 1903-ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் விமானம் ஓட்டினார்கள். ஆறே ஆண்டுகளில், 1909-ல், இத்தாலியில் விமானத்தில் இருந்து படம் எடுத்தார்கள். பிறகு முதல் உலகப் போர் வந்தது. எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று பார்க்க ஆயிரக்கணக்கில் படங்கள் எடுத்தார்கள். போர் முடிந்ததும் அதே வித்தை நல்ல வேலைக்கும் வந்தது. 1924-ஆம் ஆண்டு பர்மாவில் ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகளை விமானத்தில் பறந்து படம் எடுத்தார்கள். அப்போது பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்தது. சேறும் சகதியும் நிறைந்த காடு அது. கால் வைத்து நடப்பதே பெரும் பாடு. மேலே இருந்து பார்த்தால் சேறு தடுக்காது அல்லவா?

இரண்டு விதமான படம்

சிறிய விமானத்தில் இருந்து படம் எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, சாய்வாக எடுப்பது. விமானத்தின் பக்கத்துச் சன்னலைத் திறந்து, கேமராவைக் கையில் பிடித்து எடுப்பது. மலை, கோயில், அணை, வெள்ளம் சூழ்ந்த ஊர், இவற்றைப் படம் எடுக்க இது ஏற்றது. இதற்கு இறக்கை மேலே அமைந்த சிறு விமானம் நல்லது. இறக்கை கீழே இருந்தால் அது பார்வையை மறைக்கும்.

இதில் சில எச்சரிக்கைகள் உண்டு. கேமராவை வாரால் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொள்ள வேண்டும். கை தவறினால் கேமரா யார் தலையிலாவது விழும். கேமராவைச் சன்னலுக்கு வெளியே நீட்டக் கூடாது. காற்று அதைப் பிடித்து ஆட்டும். விமானத்தின் உடம்பில் முழங்கையை ஊன்றவும் கூடாது. எஞ்சினின் அதிர்வு கை வழியாகக் கேமராவுக்கு வந்துவிடும். படம் கலங்கும்.

மற்றொன்று, நேர் கீழே பார்த்து எடுப்பது. விமானத்தின் தரையில் ஓர் ஓட்டை இருக்கும். அதன் மேல் பெரிய கேமராவைப் பொருத்தியிருப்பார்கள். அது கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல நேர் கீழே பார்க்கும். வரைபடம் தயாரிக்க இந்தப் படம்தான் வேண்டும்.

ஏர் ஓட்டுவது போல

நேர் கீழே பார்த்துப் படம் எடுக்கும் விமானம் எப்படிப் பறக்கும் தெரியுமா? ஏர் ஓட்டுவது போலப் பறக்கும்.

வயலில் ஏர் ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? ஒரு சால் நேராக ஓட்டுகிறார். கடைசியில் மாட்டைத் திருப்புகிறார். பக்கத்தில் அடுத்த சால் ஓட்டுகிறார். விமானமும் அப்படித்தான். ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நேராகப் போகும். திரும்பும். பக்கத்தில் இன்னொரு கோடு பறக்கும்.

உயரம் மாறக் கூடாது. பக்கவாட்டில் சாயக் கூடாது. பக்கத்தில் இருந்து காற்று அடித்தால் என்ன செய்வது? ஆற்றைக் கடக்கும் ஓடக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கரையில் ஓர் இடத்துக்கு நேராகப் போக வேண்டுமானால், அவர் ஓடத்தின் மூக்கைக் கொஞ்சம் நீர்வரத்துப் பக்கம் திருப்பி வைப்பார். விமானியும் விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பார். அப்போதுதான் நேர்க்கோட்டில் போக முடியும்.

இந்த வேலைக்கு நல்ல நாள் பார்க்க வேண்டும். மேகம் இருக்கக் கூடாது. புழுதியும் பனிமூட்டமும் இருக்கக் கூடாது. மழைக்காலம் முடிந்து வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும் நாட்கள் நல்லவை. வெயில் ஓரளவு ஏறியிருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் நிழல் நீளமாக விழும். மரத்தின் நிழல் வரப்பை மறைத்துவிடும்.

இப்போது ஒரு கூரை வேய்வதை நினைத்துப் பாருங்கள். கீற்றை ஓரத்தோடு ஓரம் வைத்தால் போதுமா? போதாது. மழை ஒழுகும். ஒரு கீற்றின் மேல் அடுத்த கீற்று ஏற வேண்டும். ஆகாயப் படமும் அப்படித்தான். ஒரு படத்தில் விழுந்த நிலத்தில் 100-க்கு 60 பங்கு அடுத்த படத்திலும் விழ வேண்டும். பக்கத்துக் கோட்டில் எடுத்த படத்தோடும் 100-க்கு 30 பங்கு போல ஏற வேண்டும். அப்போதுதான் ஒரு துண்டு நிலமும் விட்டுப்போகாது.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். நீங்கள் படித்த கணக்குதான்.

கேமராவின் கண்ணாடியில் இருந்து படச்சுருள் வரை உள்ள தூரம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விமானம் தரைக்கு மேல் 1,500 மீட்டர் உயரத்தில் பறக்கிறது. 1,500 மீட்டர் என்றால் 1,50,000 சென்டிமீட்டர். அதை 15-ஆல் வகுத்தால் எவ்வளவு? 10,000.

அப்படியானால் தரையில் உள்ளது படத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சிறுக்கிறது. படத்தில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 100 மீட்டர். இந்தக் கேமராக்களில் எடுக்கும் படம் 23 சென்டிமீட்டர் நீளம், 23 சென்டிமீட்டர் அகலம். ஆகவே ஒரு படத்துக்குள் இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும், அதே அளவு அகலமும் உள்ள நிலம் அடங்கும். ஒரு சின்ன ஊரும் அதைச் சுற்றியுள்ள வயலும் ஒரே படத்தில்!

இன்னொரு கணக்கு. விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது ஒரு விநாடியில் சுமார் 55 மீட்டர். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு தெருவே ஓடிவிடும். அப்படியானால் படம் கலங்காதா? கலங்காது. கேமராவின் கதவு ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் மட்டுமே திறந்து மூடும். அதற்குள் விமானம் 11 சென்டிமீட்டர்தான் நகரும். அது ஒரு சாண் நீளம்கூட இல்லை.

இன்று படச்சுருள் போய்விட்டது. எண்ணியல் கேமரா வந்துவிட்டது. எந்த இடத்தின் மேல் பறந்து எடுத்தது என்பதை வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் உதவியால் கருவியே குறித்துக்கொள்கிறது. ஆனால் கூரை வேயும் முறை மாறவில்லை. ஏர் ஓட்டும் முறையும் மாறவில்லை.

இரண்டு கண் எதற்கு?

ஒரே நிலத்தை இரண்டு படத்தில் எடுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கேயே செய்து பாருங்கள். கட்டை விரலை முகத்துக்கு எதிரே நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து மற்ற கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோலத் தெரிகிறதா?

இரண்டு கண்ணும் இரண்டு இடத்தில் இருந்து பார்க்கின்றன. இரண்டு பார்வையையும் மூளை சேர்க்கிறது. அதனால்தான் எது கிட்டே, எது எட்டே என்று தெரிகிறது. ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எவ்வளவு சிரமம் என்று புரியும்.

விமானம் ஓர் இடத்தில் ஒரு படம் எடுக்கிறது. கொஞ்ச தூரம் போய் அதே நிலத்தை மறுபடி எடுக்கிறது. முதல் படம் ஒரு கண். இரண்டாவது படம் மறு கண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதற்கென்று உள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால், தட்டையான படத்தில் இருந்து குன்று எழுந்து நிற்கும். கிணறு பள்ளமாக இறங்கும். இதை வைத்துத்தான் மேடு எவ்வளவு, பள்ளம் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டினால் தண்ணீர் ஓடும் என்று சொல்கிறார்கள்.

படத்தையும் படிக்க வேண்டும்

எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். ஆகாயப் படத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். மேலே இருந்து பார்த்தால் பழகிய பொருளே புதிதாகத் தெரியும். மனிதன் ஒரு புள்ளி. அவனுடைய நிழல்தான் மனிதன் போல இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆழமான தெளிந்த தண்ணீர் பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். காய்ந்த மணல் வெள்ளையாகத் தெரியும். தென்னையும் பனையும் நட்சத்திரம் போலத் தெரியும். வரிசையாக நட்ட தோப்பு புள்ளிக்கோலம் போல இருக்கும். தானாக வளர்ந்த காடு கலைந்து கிடக்கும். சாலை சட்டென்று திரும்பும். ரயில் பாதை திரும்பாது, மெல்ல வளையும். ஏனென்றால் ரயிலால் சட்டென்று திரும்ப முடியாது. மாட்டுவண்டித் தடம் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால், அங்கே களமோ கிணறோ இருக்கும்.

வடிவம், அளவு, நிறம், நிழல், வரிசை, இவையே ஆகாயப் படத்தின் எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல இவற்றைக் கூட்டிப் படிக்க வேண்டும்.

பயிர் காட்டிக்கொடுத்த வட்டம்

இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற இடம் உண்டு. மிகப் பழைய காலத்தில் பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்ட இடம். 1925-ஆம் ஆண்டு இன்சால் என்ற விமானி அதற்குப் பக்கத்தில் பறந்தார். ஒரு வயலில் வட்டமாகச் சில புள்ளிகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டு பயிர் வளர்ந்ததும் மறுபடி பறந்து படம் எடுத்தார். பயிருக்குள் வட்டத்துக்குள் வட்டமாகக் கரும்புள்ளிகள்!

கீழே வந்து தோண்டிப் பார்த்தார்கள். 4,000 ஆண்டுகளுக்கும் முன்னால் மரத்தூண்களை வட்டம் வட்டமாக நட்ட குழிகள் அவை. தூண்கள் எப்போதோ மக்கிப் போய்விட்டன. குழிகள் மூடிவிட்டன. ஆனாலும் அடையாளம் போகவில்லை. காரணம் என்ன?

உழவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய எருக்குழி இருந்த இடத்தில் பயிர் எப்படி இருக்கும்? கருகருவென்று இருக்கும். வெட்டி மூடிய குழியில் மண் ஆழமாக இருக்கும். ஈரம் நிற்கும். பயிர் உயரமாக வளரும். கீழே நின்று பார்த்தால் அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று தெரியும். மேலே இருந்து பார்த்தால்தான் வட்டம் தெரியும்.

மண் எதையும் மறப்பதில்லை. பயிர் அதைச் சொல்லிவிடுகிறது.

தென்னையின் நோய்

நம் நாட்டில் நடந்த ஒன்றையும் கேளுங்கள். கேரளத்தில் தென்னைக்கு வேர் வாடல் என்று ஒரு நோய் வரும். மரம் உடனே சாகாது. மெல்ல மெல்ல நலியும். ஓலை வாடும். காய்ப்பு குறையும். குடும்பத்தின் வருமானமும் குறையும். எந்தத் தோப்பில் எத்தனை மரத்துக்கு நோய் என்று ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்ப்பது எளிதான வேலையா?

1970-ஆம் ஆண்டு பி. ஆர். பிஷாரடி என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் பறந்து படம் எடுத்தார்கள். சாதாரணப் படச்சுருள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை ஒளியைப் பதியும் படச்சுருள். அதற்கு அகச்சிவப்பு ஒளி என்று பெயர்.

நல்ல இலை அந்த ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். ஆகவே அந்தப் படத்தில் நல்ல மரம் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். நோயுள்ள மரம் அப்படித் தெரியாது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல மேலே இருந்தே தோப்பின் நாடியைப் பார்க்க முடிந்தது. இந்தியாவில் தொலைவில் இருந்து நிலத்தை ஆராயும் விஞ்ஞானத்துக்கு இந்தச் சோதனைதான் தொடக்கம். 1974-ஆம் ஆண்டு அதற்கென்று ஒரு தேசிய நிறுவனமே ஏற்பட்டது. இன்று அது ஐதராபாத்தில் தேசியத் தொலை உணர்வு மையம் என்ற பெயரில் இயங்குகிறது. பெரிய விஞ்ஞானம் ஒரு தென்னை மரத்தில் தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம்.

சுண்ணாம்புக் கோடு

இப்போது உங்கள் வாசலுக்கு வருவோம்.

கல்யாண வீடுகளில் தும்பி போல ஒரு கருவி தலைக்கு மேல் பறந்து படம் எடுக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதற்கு டிரோன் என்று பெயர். ஆள் ஏறாத குட்டி விமானம் அது. விமானம் செய்த வேலையில் ஒரு பகுதியை இன்று அது செய்கிறது. அதைப் பறக்கவிட 2021-ஆம் ஆண்டு அரசு விதிகள் கொண்டுவந்தது. நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது.

வட இந்தியாவில் பல மாநிலங்களில் ஒரு குறை இருந்தது. வயலுக்குக் கணக்கு உண்டு. ஆனால் ஊருக்குள் இருக்கும் வீட்டு மனைக்குத் தனித்தனியே கணக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பார்கள். கையில் ஒரு காகிதம் இருக்காது. சுவர் எழுப்பினால் சண்டை. வங்கியில் கடன் கேட்டால் கிடைக்காது.

இதற்காக 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் மத்திய அரசு ஸ்வாமித்வா என்ற திட்டத்தைத் தொடங்கியது. சேர்ந்த மாநிலங்களில் இந்திய நில அளவைத் துறை டிரோன் மூலம் படம் எடுக்கிறது. முதலில் ஊரில் கூட்டம் போட்டுச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு மனையின் எல்லையிலும் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். மேலே பறக்கும் கேமராவுக்கு அந்த வெள்ளைக் கோடு தெரியும். படத்தில் இருந்து வரைபடம் தயாராகும். அதை ஊரில் காட்டுவார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். அதற்குப் பிறகுதான் வீட்டு உரிமை அட்டை.

இங்கேதான் கவனம் வேண்டும். கேமரா பொய் சொல்லாது. ஆனால் கோட்டைப் போடுகிறவன் பொய் சொல்லலாம் அல்லவா?

அந்தப் பக்கத்து ஊர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு தாய். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். கோடு போடும் நாளில் அவர் களை எடுக்கப் போய்விட்டார். பக்கத்து மனை கொழுந்தனுடையது. அவர் நின்று கோடு போட வைத்தார். கோடு ஒரு மீட்டர் உள்ளே வந்துவிட்டது. டிரோன் பறந்தது. படம் விழுந்தது.

வரைபடம் வந்தது. "எல்லாம் சரியாக இருக்கிறது. கைநாட்டு வையுங்கள் அண்ணி" என்றார் கொழுந்தன்.

அந்தத் தாய் ஐம்பது வயதில் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். "கைநாட்டு எதற்குத் தம்பி? கையெழுத்தே போடுவேன். முதலில் படித்துப் பார்க்கிறேன்" என்றார்.

வரைபடத்தின் ஓரத்தில் 1:500 என்று போட்டிருந்தது. அதாவது வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 5 மீட்டர். தன் மனையின் முகப்பு 15 மீட்டர் என்று அவருக்குத் தெரியும். அவரும் கணவரும் சேர்ந்து அளந்து வேலி போட்டது அது. அப்படியானால் வரைபடத்தில் 3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பேத்தியின் அளவுகோலை வாங்கி வைத்துப் பார்த்தார். இரண்டு சென்டிமீட்டர், எட்டு மில்லிமீட்டர்தான் இருந்தது.

குறைந்தது இரண்டே மில்லிமீட்டர். ஒரு நெல்லின் அகலம்தான். ஆனால் தரையில் அது ஒரு மீட்டர் நிலம். ஒரு மாடு கட்டும் இடம்.

அவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். அதிகாரிகள் வந்தார்கள். நாடாவைப் பிடித்து அளந்தார்கள். கோடு திருந்தியது.

இது நினைத்துப் பார்க்கச் சொன்ன கதைதான். ஆனால் சுண்ணாம்பும் வரைபடமும் ஆட்சேபணையும் உண்மை. படிக்கத் தெரியாதவருக்கு அந்த நெல்லளவு நிலம் போயே போயிருக்கும் என்பதும் உண்மை.

ஆகாயப் படம் சுவரைக் காட்டும். சுவர் யாருடையது என்று அதற்குத் தெரியாது. பாதையைக் காட்டும். அது எல்லோருக்கும் பொதுவான பாதை என்று அதற்குத் தெரியாது. ஏரி இருப்பதைக் காட்டும். அது சுருங்கினால் யாருக்கு நட்டம் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் கீழே இருக்கிற மக்கள்தான்.

தோழர்களே! எத்தனை உயரத்தில் எடுத்த படமும் கடைசியில் ஒரு காகிதமாகத்தான் உங்கள் கைக்கு வரும். அதை ஒரு கையில் பிடியுங்கள். மறு கையில் அளவுகோலைப் பிடியுங்கள். படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.



கூடிப் பேசுங்கள்

1. மேலே இருந்து பார்த்தால் உங்கள் ஊரில் எது எது எப்படித் தெரியும்? எல்லோரும் சேர்ந்து தரையில் கோலமாவால் உங்கள் தெருவை வரைந்து பாருங்கள்.

2. 1:500 அளவுள்ள வரைபடத்தில் ஒரு தெருவின் அகலம் 1 சென்டிமீட்டர் 2 மில்லிமீட்டர். தரையில் அது எத்தனை மீட்டர்?

3. உங்கள் வீட்டு மனையின் நீளம், அகலம் உங்களுக்குத் தெரியுமா? இன்றே அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

4. உங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான பாதை, குளம், மேய்ச்சல் நிலம் எவை? பெயர்களை எழுதுங்கள்.